வாண்டுகளோடு பூங்காவில் ஒரு நாள்: எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது

ஒரு மணி நேரம் பூங்காவுக்குக் கூட்டிப்போய் வருவது வேறு, காலையில் போய் மாலை வரை அங்கேயே இருப்பது வேறு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் போதும். நாள் முழுக்க என்றால் குழந்தையின் பசி, தூக்கம், மூத்திரம், வெயில் நான்கும் கூடவே வரும். முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பையில் எதையாவது மறந்தால் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத தவறுகள் இரண்டு: பெரியவர் தவறான இடத்தில் நிற்பது, கிளம்ப வேண்டிய நேரத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருப்பது. அடிபடுவதும் அழுகையும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. கீழே உள்ளவை ஒன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கானவை.

முந்தின நாள், குழந்தை இல்லாமல் ஒரு சுற்று

பழக்கமில்லாத பூங்கா என்றால் ஒரு இருபது நிமிடம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தையோடு போகும்போது எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

முதலில் எல்லை. வேலி முழுசாகச் சுற்றி இருக்கிறதா, எத்தனை வாசல், கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா, வாசலிலிருந்து சாலை எத்தனை அடி. அடுத்து தண்ணீர்: குளம், நீரூற்று, மழைநீர் தேங்கும் பள்ளம், மூடாத தொட்டி. சின்னக் குழந்தை முகம் குப்புற விழுந்தால் 5 சென்டிமீட்டர் தண்ணீரே ஆபத்து. அதுவும் சத்தமே இல்லாமல் நடக்கும். சினிமாவில் வருகிறதுபோல் கையை ஆட்டிக் கத்துவதெல்லாம் இருக்காது. பூங்காவில் திறந்த தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கம் போகும்போது குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கமாக நாள் முழுக்க இருக்க முடியாது என்று தோன்றினால் வேறு பூங்காவைத் தேடுவதே நல்லது.

கழிவறை திறந்திருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கையால் திறந்தே பாருங்கள். பெயர்ப்பலகையை நம்பிப் போய், பூட்டைப் பார்த்து நிற்கிறவர்கள் நிறைய.

நிழல் நகரும். காலை ஒன்பது மணிக்கு ஜிலுஜிலுவென்று இருக்கிற இடம் இரண்டு மணிக்கு வெட்டவெளி ஆகிவிடும். பிற்பகல் நிழல் மரத்துக்குக் கிழக்கே விழும், விரிப்பைப் போட அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விளையாட்டுச் சாமான்களுக்குக் கீழே இருக்கும் தரை. சறுக்குமரமும் ஏணியும் பளபளவென்று புதிதாக இருப்பதைவிட, அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மணல், மரச்சீவல், சிறு கூழாங்கல் போன்று உதிரியாகக் கொட்டிவைப்பது எதுவாக இருந்தாலும் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். சாமானைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் வரை, அதாவது ஆறடி, அது பரவியிருக்க வேண்டும். குதிகாலால் ஓங்கி ஒரு குத்து குத்திப் பாருங்கள். பொதுபொதுவென்று உள்ளே போனால் சரி. 'டொக்'கென்று நின்றால் மேலே தெரிவது வெறும் தூவல்தான், அடியில் கட்டாந்தரை. ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்கு முடிகிற இடத்திலும் எப்போதும் பள்ளம் விழுந்திருக்கும், குழந்தைகளின் கால்கள் தள்ளித் தள்ளி மணல் ஓரத்துக்குப் போய்விடும். மறுநாள் வந்ததும் காலால் இழுத்து நிரப்பிவிடலாம், இரண்டு நிமிட வேலை. புல்தரையை நம்ப வேண்டாம். நடந்து நடந்து இறுகிப்போன மண்ணும் சிமென்ட்டும் விழுகிற தலைக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்து இடைவெளிகள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, ஏணிப்படிக்கும் படிக்கும் நடுவே, தடுப்புச் சுவரின் அழிகளுக்கு நடுவே 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான சந்து இருந்தால் அது ஆபத்தான அளவு. குழந்தை காலை முதலில் விட்டு நுழையும்; உடம்பு போய்விடும், தலை மட்டும் போகாது. உடம்பு தொங்க, தலை மாட்டிக்கொள்ளும். அதைவிடக் குறுகிய சந்தில் உடம்பே நுழையாது, அதைவிட அகலமானதில் தலையும் வெளியே வந்துவிடும். இதற்கு டேப் தேவையில்லை. உள்ளங்கையின் அகலமும் ஒரு சாணும் கிட்டத்தட்ட இந்த இரண்டு எல்லைகள்தான். உங்கள் கையை வீட்டில் ஒருமுறை ஸ்கேலில் அளந்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பூங்காவிலும் கையை வைத்தே சொல்லிவிடலாம்.

ஊஞ்சல் சங்கிலியைப் பலகையோடு கோர்க்கும் கொக்கி வாய் பிளந்திருக்கிறதா, பலகையில் விரிசல் இருக்கிறதா, துருத்திய ஆணி உண்டா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான், கிளம்பலாம்.

நாளைத் தூக்கத்தைச் சுற்றி அமைப்பது

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும். மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஏழு மணி நேரம் பூங்காவில் இருந்தாலும் உடலசைவு மூன்று மணி நேரம்தான் தேவை, அதுவும் துண்டு துண்டாக. மீதி நேரத்தில் மரத்தடியில் படுத்து எறும்பைப் பார்ப்பது நேர விரயமே அல்ல. 'இவ்வளவு தூரம் வந்துட்டு சும்மா உட்கார்ந்திருக்கியே, போய் விளையாடு' என்று விரட்டுகிறவர்கள்தான் மூன்று மணிக்கெல்லாம் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

ஓடியாடும் விளையாட்டு எல்லாம் காலை 8:30 முதல் 10:30-க்குள். அதன் பிறகு மணல், நடை, கதை. பகல் தூக்கம் எப்போதும் வீட்டில் தூங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே விரிப்பில் அமைதியாகத் தொடங்க வேண்டும், வெளியிடத்தில் கண் அசர நேரமாகும். எழுந்ததும் சாப்பாடோ பழமோ. 3:30-க்கு மேல் இரண்டாவது ஆட்டம். ஐந்து மணிக்குள் வெளியே. இரண்டு தூக்கம் தூங்குகிற ஒரு வயதுக் குழந்தைக்கு இந்த அட்டவணை ஒத்துவராது. அந்த வயதில் அரை நாளே போதும்.

வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே தொப்பி, நிழல், சன்ஸ்கிரீன் தேவை. மொபைலில் வானிலை பார்க்கும் இடத்தில் அந்த எண் இருக்கும். எண்ணைப் பார்க்க மறந்தால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறவரை குழந்தை மரத்தடியில்தான். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், கிளம்புவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் மூன்றும்தான் விட்டுப்போகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் கிரீமை நம்பாமல் நிழலையும் முழுக்கைத் துணியையும் நம்புங்கள். ஸ்ட்ரோலர் மேல் துணியைப் போட்டு மூடுவது பலரும் செய்கிற தவறு. மெல்லிய துணியாக இருந்தாலும் காற்று நின்று உள்ளே வெப்பம் ஏறிவிடும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது.

பை இரண்டு

ஒன்று விரிப்பில் கிடக்கும் பெரிய பை. இன்னொன்று உங்கள் முதுகைவிட்டு இறங்காத சின்னப் பை. முழங்காலில் ரத்தம் வரும்போது நூறடி தள்ளி இருக்கும் பையில் பிளாஸ்திரி இருந்து என்ன பயன்?

முதுகுப் பையில்: போன், ஒரு பாட்டில் தண்ணீர், பத்துப் பிளாஸ்திரி, இரண்டு துண்டு காஸ் துணி, முள் எடுக்கும் சின்ன இடுக்கி, கண் கழுவ ஒரு சின்ன பாட்டில் சலைன், குழந்தை வழக்கமாகப் பயன்படுத்தும் இன்ஹேலரோ ஒவ்வாமை மருந்தோ இருந்தால் அது.

பெரிய பையில் முழு மாற்றுடை இரண்டு செட், உள்ளாடையும் சாக்ஸும் சேர்த்து. டயப்பர் போடும் குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு மேலே இரண்டு. நனைந்ததைப் போட நான்கு ஜிப் கவர். வைப்ஸ், ஒரு சோப்பு, இரண்டு துண்டு, பெரிய விரிப்பு, தொப்பி, சன்ஸ்கிரீன். குடிப்பதற்கு இல்லாமல் கழுவுவதற்கென்றே தனியாக ஒரு லிட்டர் தண்ணீர். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சானிடைசர் இருக்கிறதே என்றால், மண் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. மணலில் பூனை, நாய் அசிங்கம் பண்ணியிருக்கலாம், குடற்புழு முட்டைகள் அப்படித்தான் வாய்க்குப் போகின்றன. சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவினால்தான் கணக்கு.

விளையாட்டுச் சாமானில் குறைவே நிறைவு: ஒரு பந்து, ஒரு சின்ன வாளி, இரண்டு கரண்டி. இரண்டு எதற்கென்றால் பக்கத்துக் குழந்தை ஒன்றைக் கேட்கும். வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை மட்டும் கொண்டுவராதீர்கள். தொலைந்தால் அன்றிரவு யாருக்கும் தூக்கம் கிடையாது.

உடை அடிக்கிற நிறத்தில் இருக்கட்டும், கூட்டத்தில் கண் தேடாது. விரல் மூடிய ஷூ. சட்டைக் கழுத்திலும் தொப்பியிலும் தொங்கும் கயிறு, கழுத்துச் சங்கிலி, ஸ்கார்ஃப் எதுவும் வேண்டாம். சறுக்கின் மேல்முனையில் ஏதாவது ஒரு விளிம்பில் கயிறு மாட்டிக்கொண்டால் குழந்தை கீழே வழுக்க, கயிறு கழுத்தை இறுக்கும். சைக்கிள் ஹெல்மெட்டும் இப்படித்தான்: சைக்கிளில் காப்பாற்றுவது, ஏணிக்கம்பியில் தலையை மாட்டவைக்கும். ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

வந்ததும் செய்ய வேண்டியவை

வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ, முழு உடம்பும் தெரிய. தொலைந்த பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பது பெற்றோருக்கே மறந்துபோகும். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் உங்கள் போன் நம்பர். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக் குழந்தை தெரிந்தவர் என்று நினைத்துவிடும்.

அடுத்து கழிவறை, வருகிறதோ இல்லையோ. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றிக் காட்டுங்கள். 'தூரமா போகாதே' என்றால் மூன்று வயதுக்குப் புரியாது. 'அந்தச் சிவப்பு பெஞ்சு வரைக்கும்தான், அதைத் தாண்டினா என்னைக் கூப்பிடணும்' என்றால் புரியும். காணாமல் போனால் சந்திக்கும் இடத்தையும் அப்போதே தொட்டுக் காட்டிவிடுங்கள்.

சறுக்கை ஐந்து விநாடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பு, சூடு சரியாகத் தெரியாது. இரும்பு மட்டும்தான் சுடும் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கும் தரையில் பதித்த கறுப்பு ரப்பரும் வெயிலில் தோலைப் பொசுக்கும் அளவுக்கு ஏறும். காலையில் சோதித்தது மதியத்துக்குச் செல்லாது, ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கே நிற்பது

பெஞ்சு உட்காருவதற்கு வசதியான இடத்தில் இருக்கும், பார்ப்பதற்கு வசதியான இடத்தில் இருப்பது அபூர்வம். அதனால் முதல் முடிவு: குழந்தை ஏறும் சாமானில் இருக்கிறவரை நீங்கள் பெஞ்சில் இல்லை.

எல்லாச் சாமானுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. குழந்தை தானாக ஏற முடியாத இடத்தில் தூக்கி வைக்காதீர்கள். தானாக ஏறியது பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். நீங்கள் ஏற்றிவைத்தது உயரத்தில் விழிபிதுங்கி நிற்கும், அல்லது இறங்கத் தெரியாமல் குதிக்கும். 'அம்மா தூக்கிவிடு' என்றால், 'அடுத்த கம்பி எங்க இருக்கு, கால் எட்டுதா பாரு' என்று பக்கத்தில் நில்லுங்கள். எட்டவில்லையென்றால் அது இன்னும் ஆறு மாதம் கழித்து ஏற வேண்டியது. தாங்கிப் பிடிப்பதாக இருந்தால் இடுப்பில் கையை வையுங்கள், அக்குளைப் பிடித்து இழுத்தால் குழந்தை தன் கைப்பிடியை விட்டுவிடும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குத் தனி, ஐந்து முதல் பன்னிரண்டுக்குத் தனி என்று சாமான்கள் பிரித்திருந்தால் அந்தப் பிரிவை மதியுங்கள். படிகளின் உயரமும் கம்பியின் தடிமனும் கை அளவுக்கேற்பவே வேறுபடுகின்றன.

சறுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசத்தால் எலும்பு முறிகிற இடம் இது. குழந்தை பயப்படுகிறதே என்று மடியில் உட்காரவைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குகிறார். குழந்தையின் ஷூ ரப்பர் அடி, சறுக்கின் பக்கச் சுவரிலோ தரையிலோ உரசி அப்படியே பிடித்துக்கொள்கிறது. குழந்தை தனியாக வந்திருந்தால் உடம்பும் அங்கேயே நின்றிருக்கும், பத்துப் பன்னிரண்டு கிலோதானே. இப்போது பின்னால் அறுபது எழுபது கிலோ தள்ளிக்கொண்டு வருகிறது. கால் நிற்க, உடம்பு போக, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறுக்கிக்கொண்டு விரிசல் விடுகிறது. இது ஒரு விநாடிக்குள் நடந்துவிடும். மெதுவாகச் சறுக்கினாலும் தப்பாது. தனியாகச் சறுக்க முடியாத குழந்தை இன்னும் சறுக்க வேண்டாம், அவ்வளவுதான். பயம் தெளிய வேண்டுமானால் சறுக்கின் கீழ்ப்பகுதியில் இரண்டடி உயரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடம்: மூன்று வயதுக்குள் என்றால் ஏணிக்கும் சறுக்கின் பக்கவாட்டுக்கும் நடுவில், இரண்டுக்கும் கை எட்டும்படி. கீழே நின்று 'வா வா' என்று கையை நீட்டிக்கொண்டிருப்பவர் போட்டோவுக்கு நன்றாக இருப்பார், ஆனால் விழுவது மேலிருந்துதான். சறுக்கி இறங்கியதும் உடனே விலக வேண்டும் என்பதை முதல் ஐந்து முறை நீங்களே கையைப் பிடித்து விலக்கிக் காட்டுங்கள்.

ஊஞ்சலில் ஆடுகிற குழந்தைக்கு மட்டுமல்ல, அதன் குறுக்கே ஓடுகிற குழந்தைக்கும் அடிபடும். ஊஞ்சல் மேலே கட்டியிருக்கும் உயரம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்கு முன்னாலும் பின்னாலும் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு குழந்தைகளோடு வந்து ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தால் இன்னொன்று அந்தப் பாதைக்கு வெளியே, உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். கால் நுழைக்கும் கூடை போன்ற இருக்கையில் உள்ள குழந்தையை முன்னால் நின்று காலைத் தொட்டுத் தள்ளுவது நல்லது. முகம் தெரியும், பிடி தளர்ந்தால் உடனே தெரியும்.

சீசாவில் எதிர்ப்பக்கக் குழந்தை சொல்லாமல் இறங்குவதுதான் பிரச்சினை. 'இறங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் இறங்கணும்' என்பதை இருவருக்கும் முதலிலேயே சொல்லுங்கள், கால் பலகைக்கு அடியில் போகாமல் பாருங்கள். ராட்டினம் சுற்றும்போது ஏறுவதோ இறங்குவதோ கூடாது. வேறொன்றும் இல்லை.

மணலில் மட்டும் நீங்கள் உட்காரலாம். உட்காரவும் வேண்டும், மணலில்தான் குழந்தைகள் அதிக நேரம் இருப்பார்கள். ஸோரன்சன் என்ற டென்மார்க் நிலவடிவமைப்பாளர், தான் அமைத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டடம் கட்டுகிற இடங்களில் கிடக்கும் கட்டை, செங்கல், குப்பைகளோடுதான் குழந்தைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். 1943-இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் அப்படியே உதிரிச் சாமான்களைக் கொட்டிய ஒரு திடல் தொடங்கியது அந்த யோசனையில்தான். உங்களுக்கு அதில் இருக்கும் பாடம் எளிது: குச்சி, இலை, கல், கொஞ்சம் தண்ணீர். இவற்றைக் கையில் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. தொடங்குவதற்கு முன் கரண்டியால் மணலைக் கிளறி, கண்ணாடிச் சில்லு, ஆணி, அசிங்கம் எதுவும் இல்லையென்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வந்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். பல பேர் அடித்தால் பாம்பு சாகாது என்பார்களே, அதுதான் இங்கேயும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதனால் முறை போட்டுக்கொள்ளுங்கள்: இருபது நிமிடத்துக்கு ஒருவர், போன் பைக்குள், பேச்சு இல்லை. மாற்றும்போது வாயால் சொல்ல வேண்டும். 'அக்கா, நான் டீ குடிக்கப் போறேன், இனி நீங்க பாத்துக்கோங்க', 'சரி, நான் பாக்கறேன்'. பதில் வராதவரை முறை மாறவில்லை. ஒருவர் கணக்குக்கு இரண்டு சின்னக் குழந்தைகள்தான் உச்சம்.

சாப்பாடும் சண்டையும்

சாப்பாடு விரிப்பில் உட்கார்ந்துதான். ஓடிக்கொண்டே, ஊஞ்சலில் ஆடிக்கொண்டே தின்றால் புரையேறும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொண்டுபோங்கள், குறுக்கே வெட்டினால் மூச்சுக்குழாயை அடைக்கிற வட்டம் அப்படியே இருக்கும். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய், பச்சைக் காரட் துண்டு இவையெல்லாம் இந்த வயதுக்கு வெளியிடத்தில் வேண்டாம். சமைத்த உணவு குளிர்ச்சியாகவோ சூடாகவோ பாதுகாக்காமல் வெளியில் இருக்கலாம் என்றால் இரண்டு மணி நேரம். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். தண்ணீரைத் தாகம் என்று சொல்லும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு தடவை இரண்டு மடக்கு கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோதான், தண்ணீர் கூடாது. இனிப்புப் பானத்தைத் திறந்த டப்பாவில் வைத்தால் தேனீயும் குளவியும் உள்ளே போகும்.

இரண்டு வயதுக்குழந்தை தன் வாளியைக் கொடுக்காவிட்டால் அதற்குப் பெயர் பிடிவாதம் அல்ல, அந்த வயதுக்குப் பகிர்வது இன்னும் வரவில்லை. 'குடுத்துடு கண்ணு, பாவம்ல' என்று பிடுங்கிக் கொடுப்பதைவிட, இரண்டாவது கரண்டியை நீட்டுங்கள். சாமானுக்கு முறை வைக்க நிமிடக் கணக்கு பலிக்காது, எண்ணிக்கை பலிக்கும்: 'பத்து ஆட்டம் ஆடிட்டு அந்தப் பாப்பாவுக்கு'. பத்தையும் சேர்ந்தே எண்ணுங்கள். அடிக்கவோ கடிக்கவோ தொடங்கினால் பேச்சு வேண்டாம், தூக்கிக்கொண்டு விரிப்புக்கு வாருங்கள். பாதி நேரம் அது பசி.

எதற்கும் தெரிந்திருக்க வேண்டியவை

கண்ணில் மணல் விழுந்தால் தேய்க்கவிடாமல் கையைப் பிடித்து, மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து வெளிப்புறமாகச் சலைனை ஊற்றுங்கள். மூக்கில் ரத்தம் என்றால் தலையை அண்ணாத்தக் கூடாது; முன்னால் குனியவைத்து, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், பற்பசை கிடையாது. தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே வழித்தெடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே ஆம்புலன்ஸ். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் 15 நிமிடம், எதையும் பூசாமல் அன்றே மருத்துவமனை. நாய் நெருங்கும்போது ஓடாமல் மரம்போல் நிற்கக் கற்றுக்கொடுங்கள், கையை உடம்போடு ஒட்டி, நாயின் கண்ணைப் பார்க்காமல்.

தலையில் அடிபட்டால் உடனே அழுதது நல்ல அறிகுறிதான், ஆனால் அதோடு முடியவில்லை. நினைவு தப்புதல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர், ஒரு கண்மணி பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்காணிக்க வேண்டும். பால்பல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் திரும்பச் சொருக முயலாதீர்கள், உள்ளே வளர்கிற நிலைப்பல் கெட்டுவிடும்.

குழந்தை கண்ணில் படவில்லையா? முதலில் தண்ணீர், அடுத்து சாலைப் பக்க வாசல், அப்புறம்தான் மறைவிடங்கள். கூச்சப்படாமல் உரக்க, வயதையும் சட்டை நிறத்தையும் சொல்லிக் கத்துங்கள். 'நாலு வயசுப் பையன், மஞ்சள் சட்டை!' என்றால் பூங்கா முழுக்கத் தேடத் தொடங்கும். ஒருவர் சந்திக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. சட்டென்று கிடைக்கவில்லையென்றால் காவல்துறைக்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

கிளம்புவது

குழந்தை 'போதும்' என்று சொல்லாது. உடம்பு சொல்லும். காலையில் சுலபமாக ஏறிய அதே ஏணியில் கால் தவறும். சமதரையில் இரண்டு முறை இடறி விழும். கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும். சில குழந்தைகள் சோர்ந்தால் அடங்காமல் தலைகீழாக ஆட்டம் போடும். 'பாரு, இன்னும் எவ்வளவு தெம்பு' என்று ஏமாந்துவிடாதீர்கள், அது கடைசிப் பொறி. இவற்றில் இரண்டு தெரிந்தால் அடுத்த கால் மணி நேரத்துக்குள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும், மணி நாலே ஆனாலும்.

முதலில் சத்தமில்லாமல் பைகளை முழுசாகக் கட்டிவிடுங்கள். அதன் பிறகே குழந்தையிடம் சொல்லுங்கள். 'கிளம்பலாம்' என்று சொல்லிவிட்டு விரிப்பை மடிக்கத் தொடங்கினால் அந்தப் பத்து நிமிடத்தில் மீண்டும் ஒரு விளையாட்டு ஆரம்பித்துவிடும், நீங்கள் சொன்னதற்கு மதிப்பும் போய்விடும். 'இன்னும் பத்து நிமிஷம்' என்பது அதற்குப் புரியாது. 'இன்னும் மூணு தடவை சறுக்கிட்டு செருப்பு... இல்ல ஷூ மாட்டிக்கலாம்' என்பது புரியும். மூன்று என்றால் மூன்றுதான். நான்காவதை ஒருமுறை அனுமதித்தால் அடுத்த வாரம் அது ஏழாகும். கடைசி ஆட்டம் ஊஞ்சலாக இருக்க வேண்டாம், அதிலிருந்து இறக்குவதுதான் ஆகக் கடினம். வாசலுக்குப் போகிற வழியில் ஒரு வேலை கொடுங்கள்: பாட்டிலைத் தூக்குவது, கதவுத் தாழ்ப்பாளைத் திறப்பது.

இத்தனைக்குப் பிறகும் தரையில் உருண்டு அழுதால், மணிக்கட்டைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டின் தசைநார் இன்னும் தளர்வாக இருக்கும். ஒரு கையைப் பிடித்துச் சுண்டி இழுத்தால் எலும்பு அதிலிருந்து நழுவிவிடும். கையைப் பிடித்து உடம்பைச் சுழற்றி விளையாடுவதிலும் இதே ஆபத்து. நழுவியிருந்தால் வீக்கம் எதுவும் தெரியாது, குழந்தை அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்திருக்கும். நீங்களே சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுகிற குழந்தையை மார்போடு இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவதே சரி. நாலு பேர் பார்ப்பார்கள்தான், பார்க்கட்டும்.

வீட்டு வாசலில் ஷூவையும் கால்சட்டை மடிப்பையும் வெளியிலேயே உதறுங்கள். குளிக்கவைக்கும்போது காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி பதிந்த இடம் என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் அங்கேதான் இருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தால் தலையோடு வந்துவிடும். அன்றிரவே பையைத் திறந்து ஈரத்துணி போட்ட ஜிப் கவர்களை எண்ணி எடுத்துவிடுங்கள். நான்கு கொண்டுபோனால் நான்கும் வெளியே வர வேண்டும். ஒன்று அடியில் தங்கிவிட்டால் அடுத்த முறை பையைத் திறக்கும்போது நாற்றமே சொல்லிவிடும்.